இறந்தவர் வீட்டு மாத்திரை

லீலாபாயின் வயிற்றில் ரத்தம் கசியக் காரணம் நான். அதை மருத்துவரிடம் மறைத்தவளும் நானே.

நான் வைத்தியம் படித்தவள் அல்ல. கொல்லயில் ஊர்ப் பக்கம் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் வீடு சந்திக்கப் போகிறவள். துக்க வீடுகளில் மீந்துபோன மருந்துகளை, யாருக்காவது உதவட்டுமே என்று என் கையில் தருவார்கள். அவற்றை பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, ஜெபிக்கப் போகிற வீடுகளில் கொடுப்பேன். மருந்துக்கடைக்காரர் மருத்துவர் சீட்டு கேட்பார், நான் கேட்கமாட்டேன். அதில் எனக்கு எத்தனை பெருமை...

"அக்கா, முட்டு ரெண்டும் நோவு. இருந்தா எழும்ப வய்ய," என்றாள் லீலாபாய். தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போய்ப் பிழைக்கிறவள். மூட்டு வீக்கத்துக்கும் வலிக்குமான மாத்திரை என் டப்பாவில் இரண்டு அட்டை இருந்தது. காலையும் மாலையும் போடச் சொன்னேன்.

சாப்பிட்ட பிறகு போடு என்று சொன்னேனா? இல்லை. வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டேனா? அதுவும் இல்லை. ரத்தம் கட்டாமல் இருக்க அவள் தினமும் மாத்திரை தின்கிறாள் என்பது எனக்குத் தெரியும்! அவளுக்கு நெஞ்சடைப்பு வந்தபோது ஜெபிக்கப் போனவளே நான்தான். தெரிந்தும் நினைக்கவில்லை.

அவள் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சில நாளில், உள்ளே கசிந்த ரத்தத்தால் மலம் கறுத்துப் போயிற்று. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கிடையே மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நானும் போனேன். அவளுடைய சோற்றுப் பையில் அந்த அட்டை இருந்தது. எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். "வேதனைக்குள்ள குளிக வல்லதும் கழிச்சோ?" என்று மருத்துவர் மலையாளத்தில் கேட்டார். வலி மாத்திரை ஏதும் தின்றாளா என்கிறார். அவளுக்குப் பேச்சில்லை. நான் "இல்லை" என்றேன். சங்கத்தில் என் பேர் கெட்டுவிடுமே என்ற ஒரே பயம்!

வயிற்றில் புண் என்று கண்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். நான் தலைமாட்டில் நின்று ஜெபித்தேன். பிழைத்தாள்.

பிழைத்து வந்து சபையில் சாட்சி சொன்னாள். "அக்கா தலமாட்டில நின்னு பண்ணின ஜெபமாக்கும் என்னெ எழுப்பினது," என்றாள். நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

போன வாரம் மறுபடி கேட்டாள். "அந்தக் குளிகை இன்னும் உண்டா அக்கா? முட்டுக்கு நல்ல சுகம் இருந்து. பொழியூர்ல அண்ணனுக்கும் வேணும்."

எதனால் விழுந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் வாயை மூடியதால் யாரும் சொல்லவில்லை. இனியும் மூடினால் ஒரு உயிர் போகும். அவளுடைய அடுக்களையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே டப்பாவைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் ஒப்படைத்தேன். நான் மாத்திரை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் போகிறேன். வலி மாத்திரை இருந்தால் எடுத்துக் காட்டுங்கள், மற்ற மருந்துகளையும் காட்டுங்கள், மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள் என்கிறேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். மறுநாளும் போகிறேன். ஞாயிறன்று சாட்சி நேரத்தில் சபைக்கு முன்பாகவும் சொல்வேன்.

ஆனால் எல்லாவற்றையும் கேட்டபின் லீலாபாய் ஒன்று கேட்டாள். "அப்பம் அன்னைக்கு எதுக்கு அக்கா ஜெபிச்சீங்க?"

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவள் பிழைக்க வேண்டும் என்று அல்ல... என் பைக்குள் இருந்த அட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஜெபித்தேன்.