ரிசீவர் பக்கத்தில் இருந்தால்தான் சாப்பாடு

எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைவிடத் தொலைபேசிகள்தான் அதிகம். மகன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் எதையோ தள்ளிக்கொண்டிருப்பான். மருமகள் அவனை முறைப்பாள். முறைத்து முடித்ததும் தன்னுடையதை எடுத்துக்கொள்வாள். என் கணவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "இந்த ஆத்துல இந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சதே நான்தானே" என்பார். "ஆமாம், ரொம்பப் பெருமைதான்" என்று சொல்லிவிட்டு நான் ரசப் பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது.

அப்போது எங்களிடம் இருந்தது சாம்பல் நிறத் தொலைபேசி. கூடத்தில் இருந்த அதை நீளமான வயர் வாங்கிப் போட்டு மேஜைவரை இழுத்து வைத்திருந்தார். சாப்பிட உட்காரும் நேரத்தில் ரிசீவரை எடுத்து, மடித்த துண்டின் மேல், தட்டுக்கு வலப்பக்கம், பேசுகிற முனை தன்னைப் பார்த்திருக்கும்படி சாய்த்து வைப்பார். கூட்டு, பொரியல் வைக்கிற இடம் அது. அங்கே ரிசீவர் உட்கார்ந்திருக்கும். நான் கரண்டியோடு இந்தப் பக்கம் நிற்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கணவர் அடையாறில் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவர். அவருக்குச் சில வருஷங்களாகவே சாப்பாடு இறங்குவதில் தகராறு இருந்தது. சோறு நெஞ்சுக் குழியில் வந்து நின்றுவிடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு வெந்நீரை மடமடவென்று குடிப்பார். சில சமயம் அந்தக் கனத்தில் இறங்கும். இறங்காவிட்டால் வாஷ்பேசினுக்கு ஓடுவார். வாயுத் தொல்லை என்றார்கள், அல்சர் என்றார்கள், என் கைக் காரம் என்று அவருடைய உறவில் சிலர் என் காதுபடவே சொன்னார்கள். அவரோ கல்யாணம் கார்த்திகை எதற்கும் வர மாட்டேன் என்றார். ஆபீசுக்குக் கட்டிக்கொடுத்த சாதத்தைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டு காலி டிபன் பாக்ஸைக் கழுவிக் கொண்டுவந்தார் என்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். பெல்ட்டில் புதிதாகத் துளை போட ஆணியும் சுத்தியலும் கேட்டபோதுதான் பயந்துபோய் பெரிய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

உணவுக்குழாயின் அடியில் இருக்கிற வாய் திறக்க மறுக்கிறது என்றார் டாக்டர். அதற்கு அகலேசியா என்று பெயரும் சொன்னார். முதலில் பலூன் விட்டு விரித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் சரியாக இருந்து மறுபடி மூடிக்கொண்டது. பிறகு ஆபரேஷன். அது நன்றாகவே முடிந்தது. தண்ணீர் ஆகாரம், கஞ்சி, குழைந்த சாதம் என்று படிப்படியாகப் போகலாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். கஞ்சிவரை போனார். அதற்குப் பிறகு நகரவில்லை. குழாய் திறந்திருக்கிறது என்று படம் எடுத்தே காட்டிவிட்டார்கள், இவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பருக்கை வாயில் போனால் போதும், முகம் வெளிறிவிடும். நான் எதிரே நின்று அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். "இறங்கிடுத்தா? இறங்கிடுத்தா?" என்று கேட்பேன். "நீ கொஞ்சம் உள்ள போய் இரேன்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர், இதே ஆபரேஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்துகொண்ட ஒருவர் தி. நகரில் இருக்கிறார், புதிதாக வருகிறவர்களோடு பேசத் தயாராக இருக்கிறார், பேசிப் பாருங்கள் என்று சொல்லி எண்ணைக் கொடுத்தார். ஒருவர் என்றதும் ஆண் என்று நினைத்துக்கொண்டேன். நானே பேசச் சொல்லித் தொந்தரவும் செய்தேன். அந்தப் பக்கம் எடுத்தது ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். முதல் நாளே வெகு நேரம் பேசினார்கள். பேசிவிட்டு வந்த இவர், "அவாளும் கையைத் தூக்கிண்டுதான் வெந்நீர் குடிப்பாளாம்" என்றார். ஏதோ சொந்த ஊர்க்காரரைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுவரை நான் பார்க்கவே இல்லை.

ஒரு வாரத்துக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அவள் தி. நகரில் தன் தட்டின் முன் உட்காருவாள், இவர் இங்கே உட்காருவார். இரண்டு பேரும் ரிசீவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். பேச்சு கிடையாது. ஒரு வாய் இறங்கினால் "ம்" என்று ஒரு சத்தம். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு "ம்". அவ்வளவுதான். நடுவில் அவளுடைய ஸ்பூன் தட்டில் படுவது கேட்கும். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏதாவது பேசித் தொலைத்திருந்தால் ஒட்டுக்கேட்டு, ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருப்பேன். இந்த "ம்"மை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது? கடுகு தொண்டையில் உறுத்தும் என்று தாளிக்காமல் ரசம் வைத்தவள் நான். பருப்பைத் துணியில் வடிகட்டியவள் நான். இத்தனை வருஷத்தில் என் சமையலுக்கு அவர் ஒரு "ம்" சொன்னதில்லை. இப்போது என் ரசத்தைக் குடித்துவிட்டு, தி. நகருக்கு "ம்" போகிறது.

நான் முன்பே சொன்னதெல்லாம் அவள் சொன்னதும் வேதமாகிவிட்டது. கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்லி டாக்டரும் சொன்னார், நானும் கரடியாய்க் கத்தினேன். "சறுக்குமரம் விளையாடற வயசா எனக்கு" என்று கிண்டல் செய்தார். டீச்சர் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னாள். மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து செங்கல் கேட்டு வாங்கி வந்துவிட்டார். இட்லியை மோரில் ஊறவைத்துப் பிசைந்து சாப்பிட அவள்தான் கற்றுக்கொடுத்தாள். "பிரமாதம்" என்றார். இட்லி நான் வார்த்தது, மோர் நான் கடைந்தது. பிரமாதம் அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் வந்தாள். பன்னிரண்டு பி பஸ்ஸில் வந்து லஸ்ஸில் இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருந்தாள். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தவள் காதோரம் நரைத்து, கழுத்தெலும்பு தெரிய, வெளுத்த நூல் புடவையில் நின்றாள். அழகாக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். "உங்கள மாதிரி பாத்துக்க யாரு இருக்காங்க, சார் குடுத்துவெச்சவரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மனசார சொன்னாள் என்பது தெரிந்தது. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டதைத் தவிர நான் அவளிடம் வேறு எதுவும் பேசவில்லை.

இவருக்கு உடம்பு தேறிக்கொண்டு வந்தது, அதை மறைக்கக் கூடாது. கன்னத்தில் சதை வந்தது. பெல்ட் பழைய துளைக்கு வந்தது. பிழைத்து எழுந்திருக்கிறாரே என்று சந்தோஷப்படுவேன். பிழைக்க வைத்தது யார் என்ற நினைப்பு கூடவே வந்து அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துவிடும். என் வீட்டில், என் மேஜையில், நான் இல்லாமல் அவர் சாப்பிட்டுவிடுவார், அவள் இல்லாமல் முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரு சாயங்காலம் ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை. எங்கேயோ கேபிளில் தண்ணீர் புகுந்திருந்தது. அவர் தட்டித் தட்டிப் பார்த்தார். எனக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம் போல இருந்தது. இன்றைக்கு விட்டால் கிடைக்காது என்று இன்னொரு தட்டைக் கொண்டுவந்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு. சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. "இன்னிக்கு நான் கூட உட்கார்றேன், சாப்பிடுங்கோ" என்றேன். நல்ல பசி. குழைந்த சாதத்தைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவர் கை வைக்கவில்லை. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்படி வழுக்கிண்டு இறங்கறது" என்றார். "நீ அதை நெனைக்கக்கூட இல்லை. பார்க்கப் பொறாமையா இருக்கு. எல்லாரையும் பார்த்தாலே அப்படித்தான் இருக்கு எனக்கு. அவா ஒருத்தரைத் தவிர."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். வாயிலிருந்ததை நான் விழுங்க வேண்டியிருந்தது. அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த வீட்டில் பொறாமை எனக்கு மட்டும்தான் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், கொட்டுகிற மழையில், ஒரு ஸ்கூட்டரைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றினார், உள்ளேயும் நனைந்துதான் இருந்தார். டீச்சரின் வீட்டுக்காரர். சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருந்தவர். துண்டு கொடுத்தேன். வாசலிலேயே நின்று துடைத்துக்கொண்டு பேசினார்.

"போன் பண்ணா மணி அடிச்சிக்கினே கீதும்மா, யாரும் எடுக்கல. சாருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு எங்க வீட்ல ஒரே பயம். நேத்திலேர்ந்து சரியா துன்னல. ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருந்துது. இப்ப திரும்ப நெஞ்ச அடைக்குதுன்னு உக்காந்துகினு இருக்குது. இவரக் கொஞ்சம் இட்டுகினு போய்க் காட்டறேன். நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

இவருக்கு அவள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் இவர் வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. அவள் ஏதோ பெரிய மனசு பண்ணி உதவுகிறாள் என்று நினைத்திருந்த வரைக்கும் பொறாமையில் ஒரு அளவு இருந்தது.

இவர் சட்டை மாற்ற உள்ளே ஓடினார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். அவர் மழையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவங்க போன்ல சாப்புடறப்ப நீங்க எங்கம்மா இருப்பீங்க?"

"சமையலறையில. கதவுக்குப் பின்னால."

"நான் மொட்டை மாடிக்குப் பூடுவேன். மழைன்னா மாடிப்படில குந்திப்பேன்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் அதற்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை. நாங்களும் ஒரு போன் வைத்துக்கொண்டு புலம்பியிருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. அப்போது, "மெதுவா ஓட்டுங்கோ, பனகல் பார்க் பக்கம் பள்ளம் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். நாத்தனார் பெண்ணின் கல்யாணத்தில்கூடப் பந்தியில் உட்கார மறுத்த என் கணவர், முன்பின் பார்க்காத ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, சாப்பிடுவதற்காக தி. நகருக்குப் போனார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பண்ணி வைத்ததை மூடி வைத்துவிட்டு, அப்போது சின்னக் குழந்தையாக இருந்த மகனுக்கு மட்டும் ஊட்டித் தூங்கப் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். அங்கெல்லாம் அவர் வருகிற வழக்கம் இல்லை.

"ரெண்டு இட்லி இறங்கித்து" என்றார். "அவாளும் சாப்பிட்டா."

"சரி" என்றேன்.

"அவா ஆத்துக்காரர் உட்காரவே இல்லை. நாங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கதவுக்கிட்ட நின்னுண்டே இருந்தார். நான் எழுந்தப்புறமும் அவரை யாரும் சாப்பிடச் சொல்லலை." மேடையில் இருந்த பாத்திரங்களைப் பார்த்தார். "நீ சாப்பிட்டியோ?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்காத கேள்வி அது. எத்தனையோ நாள் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். கடைசியில் அதையும் அந்த வீட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இல்லை" என்றேன்.

மூடி வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து அவரே பரிமாறினார். தண்ணீர் வைக்க மறந்துவிட்டார். பொரியலுக்குக் கரண்டி போடவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு, என் தொண்டையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நான் வயிறெரிந்துகொண்டே, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.