மைதானத்தில் அடைத்த மடை

என் வீட்டுக்காரர் வீரையனோடு வெளியூர் போவதென்றால் எனக்கு அரை மனசுதான். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி வாய்க்காலை எட்டிப் பார்ப்பார். யார் வயலாக இருந்தால் என்ன, வரப்பு உடைந்து தண்ணீர் ஓடினால் இவருக்குப் பொறுக்காது. பொறு அம்சம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நாலு கட்டி மண்ணை வைத்து மிதித்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் ஊரில் முப்பது ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பொறுப்பு இவருடையது. அதில் எங்களுடையது ஒன்றரை ஏக்கர். இவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்துக்குத்தான் பாய்ச்சினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகிறது, தண்ணீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டு இந்த மனுஷர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள், தமிழ்நிலா. தஞ்சாவூரில் கல்லூரி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். படிக்கிறாள் என்று சும்மா சொல்கிறேன், எந்நேரமும் கால்பந்துதான். போன மார்கழியில் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்லூரி மைதானத்தில் பெண்கள் அணிகளுக்குச் சனி, ஞாயிறு போட்டி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தைப் பார்த்து, பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பதாக ஏற்பாடு. படிப்பு முடிகிற வருஷம். இவளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. ஒரு மாதமாக அவள் போனில் பேசியதெல்லாம் இந்த ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான்.

நாங்களும் கிளம்பிப் போனோம். சனிக்கிழமை காலை ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். இவர் எந்தப் பக்கம் நம் பக்கம் என்றே தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டினார். எனக்கு மானம் போயிற்று. மத்தியானம் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை என்றதும், பயிற்சியாளர் அக்னஸ் மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு, மூன்று பேரும் ஒரு வேன் பிடித்துக் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போனோம்.

பக்கத்து வீட்டில் நான் ஜூவுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் கூண்டே இல்லை. குரங்கு ஒன்று என் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டது. வெளிமான் கூட்டம் தூரத்தில் துள்ளி ஓடியதைப் பார்த்து, இப்படி ஒருத்தி எங்கள் டீமில் இருந்தால் போதும் என்று தமிழ்நிலா பெருமூச்சு விட்டாள். இவரோ, மானையும் மட்டக்குதிரையையும் விட்டுவிட்டு, இதுகளுக்குக் குடிதண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று வனக்காவலரைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரும் விடாமல் அரைமணி நேரம் விளக்கினார். மழை தூற ஆரம்பித்தது. நனைந்துகொண்டே சிரித்தோம். அவள் பிறந்ததிலிருந்து நாங்கள் மூன்று பேரும் வேலை இல்லாமல் ஒன்றாக ஊர் சுற்றியது அன்றைக்குத்தான்.

சாயந்திரம் மகளை மைதானத்து வாசலில் இறக்கிவிட வந்தோம். அங்கேயும் மழை பெய்து விட்டிருந்தது. பையை எடுத்துக் கொடுக்க இவரும் இறங்கினார். மைதானத்தின் ஓரத்தில் கரை வெட்டுப்பட்டு, தண்ணீர் சாலைப் பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். கதிர் வருகிற நேரத்தில் ஒரு சொட்டுக்கும் நாயாய் அலைகிற மனுஷர் என்ன செய்வார்? கையால் மண்ணை அள்ளி அடைக்கத் தொடங்கிவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தான். அரைகுறையாக மிதித்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து ஏறினார். வேன் பாழாகிறதே என்று திட்டினேனே தவிர, எனக்கும் வேறொன்றும் உறைக்கவில்லை.

அன்றிரவு என் தங்கை வீட்டில் தங்கினோம். விடிய விடிய மழை கொட்டியது. பயிருக்கு நல்லது என்று இவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

காலையில் போய்ப் பார்த்தால் மைதானம் குளமாகக் கிடந்தது. கோல் கம்பம் இரண்டும் தண்ணீரில் நின்றன. பகல் பன்னிரண்டுக்குள் ஆட முடியாவிட்டால் டாஸ் போட்டுக் கோப்பையைக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டமே இல்லை என்றால் ஆள் எடுப்பது எங்கே? பெண்பிள்ளைகள் எல்லாம் தங்கியிருந்த கல்லூரி விடுதியில் அழுதுகொண்டிருப்பதாக அக்னஸ் மிஸ் சொன்னார். இங்கே மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற ஐயாவு என்ற பெரியவரை நாலு பேர் சுற்றி நின்று ஏசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வடியட்டும் என்று நேற்றே மூலையில் வெட்டிவிட்டேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போயிற்று. பேசாமல் வாருங்கள் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். பொய் சொல்வானேன், இழுத்தேன்தான். கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

"அவரை ஏசாதீங்க. நான்தாங்க அடைச்சேன். தண்ணி வீணாப் போவுதேன்னு அடைச்சேன். எம் பொண்ணும் இதுல ஆட வந்த புள்ளதான்."

இவர் ஐயாவுவிடம் மண்வெட்டியை வாங்கினார். அடைத்ததை வெட்டிவிட்டார். பிறகு மைதானத்துக்குள் இறங்கி, காலாலேயே தடவித் தடவிப் பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்து, இன்னும் இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னார். ஐயாவு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். விஷயம் தெரிந்து இரண்டு அணிப் பிள்ளைகளும் வாளியோடு ஓடி வந்தார்கள். தமிழ்நிலா யாரிடமும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றினாள். அப்பா மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இவரும் அப்படித்தான் நினைத்தார், அவள் பக்கம் திரும்பவே இல்லை. மணலைக் கொட்டிப் பரப்பினோம். பத்தரைக்கு நடுவர் பந்தைக் கீழே போட்டுப் பார்த்துவிட்டு, ஆடலாம் என்றார்.

அதை ஆட்டம் என்பதா, நடவு என்பதா? ஐந்து நிமிஷத்தில் யார் எந்த அணி என்றே தெரியவில்லை. எதிரணிப் பிள்ளைகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. என் மகள் வழுக்கு வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவள், விழுவாளா? கடைசி நேரத்தில் ஒரே ஒரு கோல், அவளுடையது. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்கு எடுத்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக வந்தது.

கோப்பை வாங்கிய கையோடு சேறும் சகதியுமாக எங்களிடம் வந்தாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, என்னால் உன் வாய்ப்பே போயிருக்கும் அம்மா என்று ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

"நீங்க அடைச்சது நிக்கலப்பா. வேன் போனப்புறம் பாத்தேன், ஓரத்துல கசிஞ்சுகிட்டே இருந்துச்சு. நான்தான் மேல ரெண்டு கட்டி வச்சு நல்லா மிதிச்சேன். காலைல குளத்தைப் பாத்ததும்தான் என்ன செஞ்சேன்னு புரிஞ்சுது. சொல்லப் பயமா இருந்துச்சு."

இவர் அவளையே பார்த்தார். அந்தப் பெரியவரிடம் போய் நீயே சொல்லிவிட்டு வா என்று கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னார். அவள் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஐயாவுவைத் தேடிப் போனாள். அவள் போனதும் இவருடைய கடுமையும் போயிற்று. கண் கலங்கிவிட்டது.

"கசியிறதைப் பாத்திருக்கா பாரு, அம்சம்" என்றார்.