பிரேக்கில் புகுந்த காற்று

அப்பாவும் ஆத்தாவும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு நான்தான் தபால்காரி. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "ஒங்கப்பாவச் சாப்புட வரச் சொல்லு" என்பாள் ஆத்தா. அப்பா கூப்பிடு தூரம்கூட இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகே எழுந்து வருவார். "மதியத்துக்கு வரலன்னு சொல்லிரு" என்பார். அதையும் சுமந்துகொண்டு போவேன். ஏழு வயதில் இரண்டு பெரியவர்கள் என்னை நம்பி இருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

தம்பி போனதிலிருந்துதான் இப்படி.

அப்பா கீரமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டினார். பழைய கறுப்புக் கார். அதன் பிரேக் ஒரே மிதியில் பிடிக்காது. "கெழட்டு மாடு, ரெண்டு தடவ அதட்டுனாத்தான் நிக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்லது கெட்டதுக்கு வண்டி கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்ததால், பிரேக்கை மாற்றுவது இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

கைக்குழந்தையான தம்பிக்கு ஜன்னி கண்ட அன்று, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், திருவரங்குளத்துக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. கார் நிற்காமல் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த மாட்டுவண்டியிலேயே பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள் ஊரில். ஆத்தா ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட அப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

காரை இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் விட்டார்கள். சருகு விழுந்து மூடிக்கொண்டு அது அங்கேயே கிடந்தது. அப்பா வேறொருவர் லாரியில் சம்பளத்துக்குப் போனார்.

அப்போதுதான் கறம்பக்குடியில் வாக்கப்பட்டிருந்த அக்காவுக்கு மாதம் நெருங்கியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அழைத்து வர வேண்டும். குழியும் கப்பியுமாகக் கிடந்த அந்த ரோட்டில் மாட்டுவண்டி ஆகாது. பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தால் பெரிது. அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வருவதை ஆத்தா பார்த்துவிட்டாள். "அந்த வண்டியில எம்மகள ஏத்த மாட்டேன்னு சொல்லு" என்றாள். நான் போய்ச் சொன்னேன்.

மறுநாள் அப்பா பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் புது பிரேக் ஷூவும் ஒரு டின் பிரேக் ஆயிலும் வாங்கி வந்தார். ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கினார். நான்கு சக்கரங்களையும் கழற்றினார். தேய்ந்துபோய் ஆணித்தலை வெளியே தெரிந்த பழைய ஷூக்களைச் சாக்கில் வரிசையாக வைத்தார். அவற்றை ஒரு தடவைக்கு மேல் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாட்டுவது வரை ஓர் ஆள் போதும். கடைசி வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பிரேக் ஆயில் ஓடும் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்காவிட்டால் பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து ஒரு சிறு திருகைத் திறந்து, காற்றையும் ஆயிலையும் வெளியே விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். முதலில் என்னைத்தான் ஏற்றினார். உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. நின்று மிதித்தால் வழுக்கியது. அன்று நடவு நாள், தெருவில் ஆம்பளை ஆள் ஒருவரும் இல்லை.

புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஆத்தா வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னை இறங்கச் சொல்லிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். தம்பி போன நாளிலிருந்து அதுவரை அவள் அந்தக் காரைத் தொட்டதே இல்லை.

எனக்குக் கொண்டாட்டம். இவ்வளவு பெரிய தபால் வேலை எனக்கு அதுவரை வந்ததில்லை.

"அமுக்கச் சொல்லு" என்றார் அப்பா, பின்சக்கரத்துக்குக் கீழிருந்து. ஓடிப் போய்ச் சொன்னேன். "அமுக்கியாச்சுன்னு சொல்லு" என்றாள் ஆத்தா. ஓடி வந்து சொன்னேன். அப்பா திருகைத் திறந்தார். உடனே ஆத்தா காலை எடுத்துவிட்டாள்.

"கால் உள்ள போகுதுன்னு சொல்லு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அப்புடித்தான் போகும். நான் சொல்ற வரைக்கும் எடுக்க வேணாம்னு சொல்லு."

நான் போய்ச் சொல்வதற்குள் காற்று உள்ளே போய்விட்டது. அடுத்த தடவையும் அப்படியே. என்னால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ ஓடினேன். டின்னில் ஆயில் இறங்கிக்கொண்டே வந்தது. அது தீர்ந்தால் மறுபடி திருச்சிக்குத்தான் போக வேண்டும். அக்காவுக்கோ அவ்வளவு நாள் இல்லை. மூச்சு வாங்க நான் காரின் நடுவில் நின்றிருந்தபோது, ஆத்தாவின் குரல் என்னைத் தாண்டிப் போனது.

"அமுக்கியிருக்கேன். தொறங்க."

காருக்கடியில் ஸ்பானர் திரும்பும் ஒலி கேட்டது.

"விடு" என்றார் அப்பா.

அதற்கப்புறம் என்னை யாரும் தேடவில்லை. அமுக்கு, அமுக்கிட்டேன், விடு. ஒரு சக்கரம் முடிந்து அடுத்ததுக்கு அப்பா ஊர்ந்து போனார். அவ்வளவு மாதமாகப் பேசாதவர்கள் அந்த மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை பறிபோன வருத்தத்தில் நான் பலாமரத்தில் சாய்ந்து நின்றேன்.

நான்காவது சக்கரத்தில் திருகை இறுக்கிவிட்டு, "இப்ப மிதிச்சுப் பாரு" என்றார் அப்பா.

ஆத்தா மிதித்தாள். "கல்லு மாதிரி நிக்குது" என்றாள்.

காலை எடுக்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அன்னைக்கு இது இருந்திருந்தா நின்னுருக்குமா?"

அவ்வளவு மெதுவாகக் கேட்டது கீழே அப்பா காதில் விழுந்திருக்காது என்று நினைத்து, சொல்வதற்கு நான் ஓடினேன். நான் குனிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"நின்னுருக்கும்."

ஆத்தா அழவில்லை, ஏசவும் இல்லை. "சாயங்காலம் கறம்பக்குடிக்குப் போவோம். நானும் வாரேன்" என்றாள். அதை அவள் சொன்னது என்னிடம் அல்ல.

அதன் பிறகும் ஆத்தாவின் கால் பெடலிலேயே இருந்தது. அப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, காருக்கடியிலேயே மல்லாந்து கிடந்தார். வேலை முடிந்தும் இவர்கள் ஏன் எழுந்து வரவில்லை என்று பார்க்கக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நான்கு சக்கரமும் முடிந்திருந்தது. இன்னும் எது பாக்கி என்று எனக்குத் தெரியவில்லை.