முள்ளை நம்பு, காற்றை நம்பாதே

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், டைம்டேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், கொளத்தைச் சுத்திக் கொக்குப் பாக்கறதுக்கு வாரத்துல ரெண்டு பீரியடுங்களா? ஒம்பதாவதுப் புள்ளைக கணக்குல தொங்குதுங்க. சனிக்கெழமை கடைசி ரெண்டையும் கணக்குக்குக் குடுத்தறலாமுங்க."

அந்த இரண்டு பீரியடும் எனக்கு உயிர். மற்ற நாளெல்லாம் தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்த நான், அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் வாத்தியார் வேலைக்கு வந்ததை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதனால் யோசிக்காமல் வாயை விட்டேன்.

"ஆடியில இயற்கைப் போட்டி வருதுங்க மேடம். முதல் மூணு எடத்துக்குள்ள எம் புள்ளைக வரலீன்னா நீங்களே எடுத்துக்குங்க. கணக்கு டீச்சருக்கு நானே சாக்பீஸ் எடுத்துக் குடுக்கறனுங்க."

அவர் சிரித்துவிட்டு, டைம்டேபிளில் அந்தக் கட்டங்களில் என் பெயரைப் பென்சிலால் மட்டும் எழுதி வைத்தார்.

போட்டி இதுதான். அணிக்கு இரண்டு பேர். கையில் ஜெராக்ஸ் எடுத்த ஒரு வரைபடம், பள்ளியிலிருந்து கொண்டுபோகும் ஒரு திசைகாட்டி. வடக்கிலிருந்து இத்தனை டிகிரி, இத்தனை அடி என்று சீட்டில் இருக்கும். அதன்படி போனால் புதருக்குள் ஒரு தகரடப்பா. டப்பா இருக்கும் இடத்தில் ஒரு மரமோ, இறகோ, கூடோ, புழுக்கையோ இருக்கும். அது எதனுடையது என்று எழுதிவிட்டு அடுத்த டப்பாவைத் தேட வேண்டும். மொத்தம் பத்து டப்பா. டீச்சர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. என்னைப் போன்றவளுக்கு அதுதான் பெரிய தண்டனை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களைப் பொறுக்கினேன். ஒருத்தி ஆர்.எஸ்.புரம் பட்டுக்கடைக்காரர் மகள். டிகிரிக் கணக்கை விரல் மடக்காமல் போடுவாள், ஆனால் வேப்பமரம் தவிர எல்லா மரமும் அவளுக்கு 'மரம்'தான். இன்னொருத்தி கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டுப் பெண். தினமும் பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் 'ங்க' போடாமல் ஒரு சொல் வராது.

மரம், பறவைக்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. அது என் ராஜ்யம். ஒரு சனிக்கிழமை பொடிப்பொடி இலைகளை இருவர் கையிலும் கொடுத்துக் கசக்கச் சொன்னேன். பட்டுக்கடைப் பெண் மோந்து பார்த்துவிட்டு, "டீச்சர், எங்கம்மா ஞாயித்துக்கெழமை தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் வாசம்!" என்று கத்தினாள். அது பாக்கெட்டில் விளைவதில்லை, ஊஞ்ச மரத்தின் இலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் கண்ணில் பட்ட இலையையெல்லாம் கசக்கி மோந்தாள். ஒரு மாதத்தில் அறுபது மரம் சொன்னாள். செம்போத்து எது, அண்டங்காக்கை எது என்று குரலை வைத்தே பிரித்தாள். நான் நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

வம்பு செய்தது திசைகாட்டிதான். அதாவது, தோப்பு வீட்டுப் பெண்.

அவளுக்கு இடது வலது என்பதே கிடையாது. "டீச்சர், சித்தெ கெழக்கால தள்ளி நில்லுங்க, போர்டு மறைக்குது" என்பாள். வகுப்பே சிரிக்கும். பக்கத்தில் இருப்பவளிடம், "ஸ்கேலு உனக்குத் தெக்கால இருக்குது பாரு" என்பாள். அவள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். மைதானத்தில் கொண்டுபோய் விட்டால், திசைகாட்டியைப் பிடிப்பதற்கு முன்னால் கன்னத்தைக் காற்றுக்குத் திருப்பிக் கண்ணை மூடி நிற்பாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அந்த மாதங்களில் எங்கள் ஊரில் ஓயாமல் அடிக்கும். அது முகத்தில் எங்கே படுகிறது என்று பார்த்துவிட்டு, "அதா, வடக்கு அங்கிருக்குதுங்க" என்பாள். பிறகுதான் முள்ளைப் பார்ப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறிவியல் போட்டிக்குப் போகிறவள் கன்னத்தை வைத்தா திசை பார்ப்பாள்? நாலு தடவை சொன்னேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சியிலும் அதையே செய்தாள். "முள்ளை நம்புவேன், காற்றை நம்ப மாட்டேன். ஐம்பது தடவை இம்போசிஷன். திங்கட்கிழமை டேபிள்ல இருக்கோணும்" என்றேன்.

"செரிங்க டீச்சர்" என்றாள். முகம் சுண்டிப்போயிற்று. நான் கண்டுகொள்ளவில்லை.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு நல்ல திசைகாட்டி. தொலைந்துவிடப் போகிறதே என்று அன்று சாயங்காலம் பிசிக்ஸ் லேபில் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் மாலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இவ்வளவு முன்யோசனை யாருக்கு வரும் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாளையார் பக்கம் ஒரு மலையடிவாரம். வானம் சாம்பல் பூசினாற்போல் மூடியிருந்தது. சூரியனும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. காற்றென்றால் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அங்கே நடுவர்களின் சீட்டெல்லாம் பறந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஓர் அணியாக, வேறு வேறு வழியில் அனுப்பினார்கள். முன்னால் போன அணிகள் விசில் ஊதியதும் ஓடின. என் பெண்கள் ஓடவில்லை, நின்றார்கள்.

திசைகாட்டியைப் பார்த்தாள் தோப்பு வீட்டுப் பெண். கன்னத்தைக் காற்றுக்குத் திருப்பினாள். மறுபடி திசைகாட்டியைப் பார்த்தாள். பட்டுக்கடைப் பெண்ணிடம் என்னவோ சொன்னாள், இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பேசினார்கள். ஒரு நிமிடம் போயிற்று. என் இரண்டு பீரியடும் கண்ணெதிரே கணக்கு டீச்சர் பின்னால் போய்க்கொண்டிருந்தன. தோப்பு வீட்டுப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வாய் திறக்கக் கூடாது, கைக்குத் தடையில்லையே. இடது உள்ளங்கையை நீட்டி, வலது விரலால் அதைக் குத்திக் குத்திக் காட்டினேன். முள்ளைப் பார், முள்ளைப் பார்!

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது தெரிந்தது. இருந்தும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டார்கள். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்து டப்பாவையும் கண்டுபிடித்துத் திரும்பினார்கள். இரண்டாம் இடம். பரிசாக ஒரு பித்தளைக் கோப்பை, ஒரு சான்றிதழ். நான் துள்ளினேன். தோப்பு வீட்டுப் பெண்ணோ பரிசு வாங்கியவளாகவே தெரியவில்லை. ஓரமாக வந்து திசைகாட்டியை என் கையில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். முள்ளு சொன்னாப்பல பாத்தா, காத்து கெழக்கால இருந்து வருதுங்க. ஆடி மாசத்துல அப்பிடி வருமுங்களா?"

பட்டுக்கடைப் பெண் குறுக்கே வந்தாள். "அதான் டீச்சர், வடக்கைக் காட்ட வேண்டிய சிவப்பு முனையைத் தெற்குன்னு வெச்சுட்டோம். கறுப்பு முனைல இருந்து டிகிரி எண்ணினேன். அத்தனையும் சரியா வந்துது."

முள்ளைப் பார்த்தேன். காற்று வரும் பக்கம் மேற்கு என்றால், சிவப்பு முனை சந்தேகமில்லாமல் தெற்கே நின்றது. அந்த இழுப்பறைக்குள் அதோடு என்னென்ன இருந்தன என்பது அப்போதுதான் மெல்ல நினைவுக்கு வந்தது. சட்டக் காந்தங்கள், ஒரு டஜன். காந்தம் காந்தத்தோடுதானே இருக்க வேண்டும் என்று அவற்றின் நடுவில் பத்திரமாகச் செருகியது நான்தான். திங்கட்கிழமை காலை பிசிக்ஸ் சார் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு ராத்திரி வேண்டாமுங்க டீச்சர், ஒரு நிமிசம் ஒட்டிக் கெடந்தாப் போதும், முள்ளு தலைகீழாப் போயிருமுங்க. எட்டாவதுப் புள்ளைக்குத் தெரியுமுங்களே!"

பிரேயரில் கோப்பையைக் காட்டினார்கள். தலைமையாசிரியை என் எதிரிலேயே டைம்டேபிளில் அந்தக் கட்டங்களில் என் பெயரைப் பேனாவால் எழுதினார். "உங்க ட்ரெயினிங்குங்க டீச்சர்" என்றார். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார், அப்புறம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்குத் தோப்பு வீட்டுப் பெண் வந்தாள். கையில் கோடு போட்ட நோட்டு.

"இம்போசிஷனுங்க டீச்சர். சனிக்கெழமையே எழுதிப்போட்டனுங்க."

ஐம்பது வரி. குண்டு குண்டான எழுத்தில், ஒன்றுகூடக் குறையாமல். முள்ளை நம்புவேன், காற்றை நம்ப மாட்டேன். இதை எழுதி முடித்த மறுநாள்தான் அந்தப் பெண் என் கையசைப்புக்கு முதுகைக் காட்டியிருக்கிறாள். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஊரெல்லாம் பேசுகிற வாய், அன்றைக்கு வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஐம்பதாவது வரிக்குக் கீழே எழுதினேன்: திசைகாட்டியைக் காந்தத்தோடு வைக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவள் படித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இன்னும் நாப்பத்தொம்பது தடவை இருக்குதுங்க டீச்சர்."

அந்தச் சனிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில், மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மீதியை எழுதினேன். பட்டுக்கடைப் பெண் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். வெயில் என் மேல் ஏறியபோது, "கொஞ்சம் கெழக்கால தள்ளி உக்காருங்க டீச்சர்" என்றாள் மற்றவள். தள்ளி உட்கார்ந்தேன்.