மணல் சுமந்த நர்ஸம்மா

எழுபதுகளில் ஒரு நாள், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் அந்த நர்ஸம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதிருக்கும். வார் வைத்துத் தைத்த காக்கிப் பையைச் சேலைக்கு மேல் முதுகில் மாட்டியிருந்தார். இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை.

கண்டக்டர் லக்கேஜுக்கு டிக்கெட் கேட்டார்.

"முதுகுல கெடக்குறது எப்படிய்யா லக்கேஜாகும்?"

"உள்ள என்னம்மா?"

"மணலு."

"திருச்சுழியில இல்லாத மணலா?"

"அங்க எறக்க மாட்டேன். சாயங்காலம் திரும்பக் கொண்டாந்துருவேன். சொமந்து பழகுறேன். ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டேன். ஐரோப்பா பூராவும் தனியா சுத்தப் போறேன்."

கண்டக்டர் யோசித்துவிட்டு மணலுக்கு அரை டிக்கெட் கிழித்தார்.

முன்சீட்டுப் பெரியவர் கவலையோடு திரும்பினார். "அங்க யாருக்கும்மா சொகமில்ல?"

"எல்லாரும் சொகமாத்தான் இருப்பாக. இம்புட்டு வருசமா சீக்காளிகளையே பாத்துட்டேன். நல்லா இருக்கவுகளக் கொஞ்சம் பாக்கணும்."

பெரியவர் புரிந்தவர்போலத் தலையாட்டினார். பிறகு கையை நீட்டினார். "போறதுக்கு முன்ன இந்த நாடிய ஒருக்கப் பாத்துட்டுப் போங்கம்மா."

நர்ஸம்மா பார்த்தார். பின்னாலிருந்து ஒரு பெண் வீங்கிய காலோடு வந்தாள். கண்டக்டர் இடுப்பு வலியைச் சொன்னார். மணல் பையை இறக்காமலே நர்ஸம்மா திருச்சுழி வரை எல்லோரையும் பார்த்தார். நானும் நாக்கை நீட்டினேன்.

அடுத்த மாதம் அவர் கப்பலேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே எந்த ஊர் பஸ்ஸில் யார் அவரிடம் நாக்கை நீட்டினார்களோ, தெரியவில்லை.