அந்த அழகான வரிசை

புதுக்கோட்டையில் திசுப் பரிசோதனை செய்யும் மருத்துவர் நான். அன்று மைக்ராஸ்கோப்பின் கீழே, பல்லை உருவாக்கும் திசுவிலிருந்தே கிளம்பிய ஒரு தாடைக் கட்டி. ஓரத்தில் செல்கள் பிசகாமல் வரிசை கட்டி நின்றன. நடுவில் நட்சத்திரங்களை இறைத்ததுபோல் இருந்தது. "என்ன அழகு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

திரும்பினால், ரிசல்ட் வாங்க அறந்தாங்கியிலிருந்து வந்த ஓர் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கட்டி அவர் மகளுடையது.

"நானும் பாக்கலாமாங்க?"

பார்க்க விட்டேன். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"கெட்டது இம்புட்டு ஒழுங்காவா நிக்கும், டாக்டர்? இதுக்கா எம் மக தாடைய எடுக்கணும்ங்கிறாங்க?"

பல்லை உருவாக்கும் செல்கள்போலவே வரிசையில் நின்றுகொண்டு தாடை எலும்பைத் தின்னும் செல்கள் அவை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "எடுத்துத்தாம்மா ஆகணும்" என்று மட்டும் சொன்னேன்.

இன்றும் அந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. அதுதான் உறுத்துகிறது.