கணவாயில் நின்ற கடைசி வண்டி

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே பாரவண்டி ஓட்டிக்கொண்டிருந்த அர்த்தநாரி, ஜெர்மன் சண்டையில் வெள்ளைக்காரன் படைக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போய்த் துருக்கியரிடம் சிக்கியவர். கூடவே போன தங்கை புருஷன் ராசு திரும்பவில்லை. இவர் மட்டும் எலும்பும் தோலுமாய் வந்து இறங்கினார். சிறையிருந்த அந்த வருஷங்களைப் பற்றி இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்க முடியுமா? முடியாது.

சண்டைக் கதை கேட்டால் வேறொரு சண்டையைச் சொல்வார். அங்கே ரயில் பாதைக்குக் கல் உடைத்தபோது ஒரு கிரேக்கக் கொத்தனார் கை ஜாடையும் அரைகுறைப் பேச்சுமாய்ச் சொன்ன கதையாம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கான்ஸ்டாண்டிநோபிள் ராஜா துருக்கியர் மேல் படையெடுத்து, ஒடுங்கிய கணவாய்க்குள் மாட்டுவண்டிகளோடு நுழைந்துவிட்டார். மலையெல்லாம் துருக்கியர். முதலில் மாடுகளைத்தான் அடித்தார்கள். செத்த மாடும் சாய்ந்த வண்டியும் வழியை அடைக்க, படையால் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் திரும்ப முடியவில்லை.

ராஜா தோற்றார். ஆனால் அர்த்தநாரி தான் சொல்லும் கதையில் ஒருநாளும் அவரைத் தோற்கவிட்டதில்லை. ஒருநாள் ராஜா ஆள்விட்டு மலைமுகட்டைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு நாள் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் குதிரைகளோடு போவார். சந்தையில் மாடு அவிழ்த்த வண்டிக்காரர்கள், "எங்கிட்டக் கேட்டிருந்தா அந்தச் சந்துல வண்டிய உட்டிருப்பனா?" என்று ராஜாவையே திட்டுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அர்த்தநாரிக்கு மட்டும், எப்படி ஜெயித்தாலும் கடைசி வண்டியில் ராசு உட்கார்ந்திருப்பது தெரியும். காய்ச்சல் கண்ணோடு இவரையே பார்ப்பார்.

தங்கை உண்ணாமலை வீட்டிலும் ஒருநாள் சொன்னார். ராஜா ஜெயித்து ஊர் திரும்பினார் என்று முடித்தபோது விட்டத்துப் பல்லி கத்திற்று.

"கவுளி சொல்லீருச்சுங்ணா! அவரு வந்துருவாருங்க."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ராசு செத்ததைக் கண்ணால் பார்த்த பாவி மனுஷன், அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அதிலிருந்து அவள் தீபாவளிக்குத் தீபாவளி புருஷனுக்கு வேட்டி எடுத்து வைத்தாள்.

அவள் மகள் சௌந்திரத்துக்குப் பதினாறு வயதானது. நல்ல இடம் வந்தது. "அவங்கப்பா வந்து தேதி வெக்கட்டும்" என்று உண்ணாமலை ஒரே பிடியாய் நின்றாள். ஆவணி முகூர்த்தம் தவறினால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். தாய்மாமனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. புருஷன் செத்தவள் மகள் கல்யாணத்திலேயே தள்ளித்தான் நிற்கவேண்டும். அது தெரிந்தேதான் தங்கை வீட்டுக்குப் போனார்.

கதையை முதலிலிருந்து சொன்னார். இந்தமுறை முகட்டில் ராஜாவின் ஆட்கள் இல்லை. மாடுகள் விழுந்தன.

"மாத்திச் சொல்றீங்களே. அன்னைக்கு ராசா செயிச்சாருங்களே?" என்றாள் உண்ணாமலை.

"இல்ல அம்முணி. ராசா எந்நாளும் செயிக்கல. ராசு மாப்பிள்ளையும் அப்படியொரு கணவாய்லதான் காச்சலோட உழுந்துட்டாரு. நானே மண்ணள்ளிப் போட்டேன்." சொல்லிவிட்டு அர்த்தநாரி விம்மி விம்மி அழுதார்.

உண்ணாமலை அழவில்லை. நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் தானே துடைத்தாள். "ஆவணியிலயே தேதி வெச்சுருங்க" என்றாள். அப்புறம் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் கணவாய உட்டு நீங்க மட்டும் எப்படிங்ணா வந்தீங்க?"

ராஜாவை எத்தனையோ விதமாய்க் காப்பாற்றிய அர்த்தநாரி, கடைசி வண்டி ராசுவின் அதே பார்வையைத் தங்கை கண்ணில் கண்டார்.